கம்ப்யூட்டருக்கு எப்படி மாமா பயம் வரும்?

நீளமான இழை இது. பொறுமை இருக்கறவங்க தொடரலாம். செஸ் தெரியாதவர்களுக்கும் புரியும்படிதான் எழுதியிருக்கேன். தெரிந்தவர்கள் கமெண்டில் சண்டைக்கு வரலாம், தப்பில்லை.

போன பங்குனியில் எங்க ஊர் திருமழபாடியில் நந்தி கல்யாணம். கொள்ளிடக் கரை பூரா ஜனம். "நந்தி கல்யாணம் பார்த்தா முந்தி கல்யாணம்" என்று ஒரு சொலவடை உண்டு. 34 வயசாகியும் கல்யாணம் ஆகாத எனக்கு அதை வருஷா வருஷம் நினைவுபடுத்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயந்து திண்ணையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அக்கா மகன். ஏழாம் வகுப்பு. கையில் என் போன். போனில் செஸ்.

"மாமா, இந்த பாட் சரியான பயந்தாங்கொள்ளி மாமா. வெட்டி வெட்டி காயைக் கொறச்சிட்டு டிரா பண்ணவே பாக்குது. நேத்து ஆடுனது ரவுடி. குதிரையைக் குடுத்துட்டு நேரா ராஜா மேலயே வந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான்.

"கம்ப்யூட்டருக்கு எப்படி மாமா பயம் வரும்?"

ராத்திரி டூட்டி முடித்து வந்திருந்த நான் அப்போதைக்கு "அது சும்மா செட்டிங்டா" என்று சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் கேள்வி விடவில்லை. என்னை ஏன் விடவில்லை என்பதைக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி சொல்கிறேன். அதுக்கு முன்னாடி அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

செஸ் எஞ்சினுக்குப் பலகை தெரியாது. அதுக்குத் தெரிந்தது ஒரே ஒரு எண். இந்த நகர்த்தல் வைத்தால், அவன் இதை வைப்பான், நான் அதை வைப்பேன் என்று பல நகர்த்தல்கள் தள்ளிப் போய், அங்கே நின்று நிலைமைக்கு ஒரு மார்க் போடும். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் சுமார் 3, யானைக்கு 5, ராணிக்கு 9. இது நாம் சின்ன வயசில் படித்த கணக்கு. அதோடு ராஜா பத்திரமாக இருக்கிறாரா, காய்களுக்கு நடமாட்டம் இருக்கிறதா என்பதற்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கூட்டிக் கழிக்கும். பழைய எஞ்சின்கள் எல்லாம் இப்படித்தான். எந்த நகர்த்தலுக்கு அதிக மார்க்கோ அதை வைக்கும். அவ்வளவுதான்.

அப்புறம் ரவுடியும் பயந்தாங்கொள்ளியும் எங்கிருந்து வந்தார்கள்?

முதல் காரணம், எதுக்கு எத்தனை மார்க் என்று எழுதிய மனுஷன். இஸ்ரேலில் அமிர் பான், ஷாய் புஷின்ஸ்கி என்ற இருவர் எழுதிய ஜூனியர் என்ற எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். காயைவிடக் காயின் நடமாட்டத்துக்கும் தாக்குதலுக்கும் அது கூடுதல் மதிப்பு கொடுக்கும். 2003இல் நியூயார்க்கில் காஸ்பரோவோடு 6 ஆட்டம் ஆடியது. 5ஆவது ஆட்டத்தில், 10ஆவது நகர்த்தலிலேயே, தன் பிஷப்பைக் கொண்டுபோய் காஸ்பரோவின் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை வெட்டியது. பிஷப் போய்விடும் என்று தெரிந்தே வெட்டியது. அதுவரைக்கும் கம்ப்யூட்டர் என்றால் கஞ்சன், ஒரு சிப்பாய் கிடைத்தால்கூட விடாது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அந்த ஆட்டம் 19 நகர்த்தலில் டிரா. போட்டி 3-3 என்று சமனில் முடிந்தது.

இதே காஸ்பரோவ், 6 வருஷம் முன்னால், 1997 மே மாதம், ஐ.பி.எம்மின் டீப் ப்ளூவிடம் தோற்ற கதை எல்லாருக்கும் தெரியும். மொத்தத்தில் 3½-2½. ஆனால் அவரை உண்மையில் சாய்த்தது 2ஆவது ஆட்டம். அதில் டீப் ப்ளூ ராணியைக் கொண்டுபோய் சிப்பாய்களை அள்ளும் என்று அவர் எதிர்பார்த்தார். கம்ப்யூட்டர்னா அள்ளத்தானே செய்யும்? அது அள்ளவில்லை. ஒரு சாதாரண வெட்டு, பிறகு பிஷப்பை அமைதியாக நடுவில் நிறுத்தியது. காஸ்பரோவ் திருப்பி அடிக்க இருந்த ஒரே வழியும் அடைபட்டது. பேராசை பிடிக்காத மெஷினா? உள்ளே ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்குச் சந்தேகம். அந்தக் குழப்பத்திலேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அவர் விட்டுக்கொடுத்த நிலையில் தொடர் செக் கொடுத்து டிரா செய்யப் பார்த்திருக்கலாம் என்று அடுத்த நாள் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மெஷின் ஒரு எண்ணைப் போட்டது. அதுக்குக் குணத்தை வைத்தது காஸ்பரோவ். என் அக்கா மகன் செய்ததும் அதேதான்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. டிராவின் விலை.

எஞ்சினுக்கு டிரா என்றால் 0. நிலைமை மைனஸ் 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது நான் துளி மட்டம். அப்போது நகர்த்தியதையே திரும்பத் திரும்ப நகர்த்தி டிரா வாங்க வழி இருந்தால் எஞ்சின் உடனே வாங்கிவிடும். 0 பெரிசா, மைனஸ் 0.1 பெரிசா? 0தான். நியாயமான கணக்கு.

எதிரே இருப்பது கத்துக்குட்டி என்றால்? அவனிடம் போய் டிரா வாங்குவது நஷ்டம். அதனால் எஞ்சின்களில் ஒரு திருகு வைத்தார்கள். பெயர் 'கன்டெம்ப்ட்'. தமிழில் சரியான வார்த்தை நம்மிடமே இருக்கிறது: இளக்காரம். எதிராளியை எவ்வளவு இளக்காரமாக நினைக்க வேண்டும் என்பதை எண்ணாகக் கொடுக்கலாம். 0.2 என்று கொடுத்தால், டிரா என்பது அதுக்கு மைனஸ் 0.2 மாதிரி கசக்கும். மைனஸ் 0.1 நிலையில்கூட டிராவை ஒதுக்கிவிட்டு ஆடும். பார்க்கிறவர்கள் "ஆஹா, என்ன தைரியம்" என்பார்கள். மைனஸில் கொடுத்தால் அதே மெஷின், அதே அறிவு, ஓடி ஓடி டிரா தேடும். பார்க்கிறவர்கள் "கோழை" என்பார்கள். 2018இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 9இல் இந்த இளக்காரம் 20 என்று, அதாவது ஒரு சிப்பாயில் ஐந்தில் ஒரு பங்கு, தானாகவே வைக்கப்பட்டிருந்தது. பிற்பாடு நியூரல் நெட்வொர்க் வந்ததும் அந்தத் திருகையே எடுத்துவிட்டார்கள்.

இளக்காரத்தின் உச்சம் பார்க்கணுமா? லிச்செஸ் தளத்தில் லீலா எஞ்சினின் ஒரு வகை இருக்கிறது. தன் குதிரை ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஆட்டத்தையே ஆரம்பிக்கும். சாதாரணக் கணக்கில் அது தோற்ற நிலை. ஆனால் எதிரே மனுஷன், தப்பு பண்ணுவான் என்று அதுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். காய்களை மாற்றிக்கொள்ளாது, பலகையைச் சிக்கலாகவே வைத்திருக்கும், காத்திருக்கும். வேக ஆட்டங்களில் கிராண்ட்மாஸ்டர்களே அதனிடம் தோற்கிறார்கள். (நான் 11 தடவை ஆடினேன். முடிவை எழுதப்போவதில்லை.)

மனுஷனுக்குள்ளும் இந்தத் திருகு உண்டு. நம்ம காவிரிக்கரை மயிலாடுதுறையில் பிறந்த ஆனந்த், 2010இல் சோஃபியாவில் டோபலோவோடு உலகப் பட்டத்துக்கு ஆடினார். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானம் இல்லாமல் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து காரிலேயே போய்ச் சேர்ந்தார், ஞாபகம் இருக்கா? டோபலோவ் பக்கம் 112 கோர் உள்ள ராட்சசக் கம்ப்யூட்டர், அதில் ரைப்கா எஞ்சின். கடைசி, 12ஆவது ஆட்டத்துக்கு முன்னால் இருவரும் சமம். டிரா ஆனால் அடுத்து வேக ஆட்டங்கள். வேக ஆட்டத்தில் ஆனந்த் புலி என்று டோபலோவுக்குத் தெரியும். அதனால் அவருக்கு அன்றைக்கு டிரா ரொம்பக் கசந்தது. சமநிலையில் இருந்த ஆட்டத்தில் தன் ராஜா முன்னால் இருந்த கதவைத் தானே திறந்துவிட்டார். ஆனந்த் கறுப்புக் காய்களோடு, லாஸ்கர் தற்காப்பு என்ற பழைய காலத்துக் கெட்டியான ஆரம்பத்தை வைத்துக்கொண்டு, திறந்த கதவு வழியாக உள்ளே போய் முடித்தார். 6½-5½. அந்த 112 கோரும், டிராவுக்கு என்ன விலை வைப்பது என்பதை டோபலோவுக்குச் சொல்லித் தர முடியாது.

சரி, மூன்றாவது. இதுதான் எனக்கு உறைத்தது.

2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஜீரோ, ஸ்டாக்ஃபிஷ் 8ஓடு 100 ஆட்டம் ஆடி 28 வென்று 72 டிரா செய்தது. ஒன்றில்கூடத் தோற்கவில்லை. போட்டி நிபந்தனைகள் ஸ்டாக்ஃபிஷுக்கு நியாயமாக இல்லை என்று அப்போது பெரிய சண்டை. சண்டையில் நியாயமும் இருந்தது. ஆனால் உலகமே வாயைப் பிளந்தது ஸ்கோரைப் பார்த்து அல்ல, ஆடிய விதத்தைப் பார்த்து. ஒரு ஆட்டத்தில் குதிரையைத் தானம் கொடுத்துவிட்டு, அவசரமே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டாக்ஃபிஷின் ராணி பலகையின் மூலைக் கட்டத்தில் போய் முடங்கியது. எதிராளியிடம் காய் கூட இருக்கிறது, ஆனால் எதையும் அசைக்க வழியில்லை.

எல்லாரும் 'ஆக்ரோஷம்', 'பழைய காலத்து வீரம்' என்றெல்லாம் எழுதினார்கள். அதுக்கு வீரமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. யாரும் அதுக்குக் குதிரை 3, ராணி 9 என்று சொல்லிக் கொடுக்கவே இல்லை. தன்னோடு தானே கோடிக்கணக்கில் ஆடி, இந்த நிலையிலிருந்து கடைசியில் ஜெயிப்போமா மாட்டோமா என்பதை மட்டும் கற்றுக்கொண்டது. வினாடிக்கு 80,000 நிலைகளைத்தான் பார்த்தது. ஸ்டாக்ஃபிஷ் பார்த்தது 7 கோடி. ஒருவன் கையில் இருக்கிற காயை எண்ணுகிறான். இன்னொருவன் ஆட்டத்தின் முடிவை மட்டும் எண்ணுகிறான். குதிரையைக் கொடுக்கும்போது முதலாமவன் கண்ணுக்கு அது துணிச்சல். இரண்டாமவன் எதையும் இழக்கவே இல்லை.

இப்போது என் கதை.

வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். ராத்திரி 2 மணி இருக்கும். 52 வயசு விவசாயி. ஒரு மணி நேரமாக நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி பாரம், வேர்த்துக் கொட்டுகிறது. இசிஜி எடுத்தால் படிப்பை மறந்தவனுக்கும் தெரியும், பெரிய மாரடைப்பு. ரத்தக் குழாயில் கட்டி அடைத்திருக்கிறது. அதைக் கரைக்கிற ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து வார்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. சீக்கிரம் போடப் போட அவ்வளவு இதயம் மிஞ்சும். பெரிய ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத்துக்கு மேல் தூரம்.

அந்த மருந்தில் ஒரு ஆபத்து உண்டு. 100 பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ மூளையில் ரத்தம் கசியலாம். அவருடைய பிரஷர் 160/100. கொஞ்சம் கூடுதல், ஆனால் மருந்து போடக்கூடாத அளவு இல்லை. எனக்கும் தெரியும். ஆனால் வெளியே 15 உறவுக்காரர்கள் நின்றார்கள். அந்த மாசம்தான் தெரிந்த ஒரு டாக்டரை வேறு ஊரில் அடித்திருந்தார்கள். மருந்து போட்டு என் கையில் ஏதாவது ஆனால்? ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் கொடுத்தேன். ஆக்ஸிஜன், ஐவி லைன். 'மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதி 108இல் ஏற்றிவிட்டேன். கேஸ் ஷீட் அப்பழுக்கு இல்லாமல் இருந்தது. யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது.

அங்கே போய்ச் சேர்ந்து, படுக்கை கிடைத்து, மருந்து ஏறும்போது ரெண்டரை மணி நேரம் கூடுதலாகப் போயிருந்தது. பிழைத்துக்கொண்டார். எக்கோவில் இதயம் அழுத்துகிற சக்தி 30 சதவீதம். நல்ல மனுஷனுக்கு 55க்கு மேல் இருக்கணும்.

அன்றைக்கு நான் 'ஜாக்கிரதையாக' நடந்துகொண்டதாகத்தான் ரொம்ப நாள் நினைத்தேன். இப்போது பார்த்தால், நானும் ஒரு எண்ணைத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். எந்த எண் என்பதில்தான் விஷயம். நான் எண்ணியது என் மேல் வரக்கூடிய பழியை. அவர் இதயம் அந்தக் கணக்கிலேயே இல்லை. பழியை எண்ணினால் ரெஃபரல் என்பது 0, பத்திரமான டிரா. இதயத் தசையை எண்ணினால் அது அந்த ராத்திரியின் மிக அபாயகரமான நகர்த்தல்.

இன்றைக்கும் மாசா மாசம் மாத்திரைக்கு வருவார். கரும்புக் கட்டு தூக்கிய ஆள், இப்போது பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓ.பி. வருவதற்குள் ரெண்டு இடத்தில் நிற்கிறார். வரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வார்: "இந்த சார்தான் அன்னிக்கு சரியான நேரத்துல அனுப்பி வச்சு உசுரக் காப்பாத்துனாரு." நான் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே தலையை ஆட்டுவேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

அதுக்கப்புறம் மருந்து இருந்து, தடை ஏதும் இல்லை என்றால் போட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொன்னால் பொய். தாமதமாக வந்த ஒருவர் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். மருந்தால் இல்லை என்று சீனியர்கள் சொன்னார்கள். அன்றைக்கும் தூக்கம் வரவில்லை. (இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நெஞ்சில் பாரம், வேர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி என்றால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீங்க. 108க்குப் போடுங்க.)

குகேஷைப் பற்றிச் சொல்லாமல் செஸ் இழையை முடித்தால் அக்கா மகன் என்னோடு பேச மாட்டான்.

குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர், அம்மா நுண்ணுயிரியல் துறை. அதனால் எங்களுக்கு ஒரு சொந்தபந்தப் பெருமை. சென்னையில் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500 பக்கம் வரும் வரைக்கும் குகேஷை எஞ்சின் பக்கமே விடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஸ்டாக்ஃபிஷ் மார்க்கைப் பார்த்து வளர்ந்த காலத்தில், இவர் 2019 ஜனவரியில் 12 வயசு 7 மாசத்தில் அது இல்லாமலே கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

2024இல் சிங்கப்பூரில் டிங் லிரனோடு உலகப் பட்டப் போட்டி. 6ஆவது ஆட்டத்தில் குகேஷ் கொஞ்சம் மட்டமான நிலையில் இருந்தார். நகர்த்தியதையே திரும்ப நகர்த்தி டிரா வாங்க வழி இருந்தது. எந்த எஞ்சினும் வாங்கியிருக்கும். இவர் வாங்காமல் ராணியை முன்னால் தள்ளினார். எஞ்சின் மார்க் டிங் பக்கம் சாய்ந்தது. எப்படியோ டிராவில் தப்பித்தார். அன்றைக்குப் பலர் திட்டினார்கள், நானும் திட்டினேன்.

கடைசி, 14ஆவது ஆட்டம். 6½-6½. ரூக், பிஷப், சில சிப்பாய்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். எஞ்சின் சொல்வது 0.00. அந்த 0.00 ரெண்டு பக்கமும் தப்பே செய்யாத ஆட்டக்காரர்களுக்கான தீர்ப்பு. நாள் முழுக்க உட்கார்ந்து களைத்து, கடிகாரத்தில் நேரம் குறைந்து ஆடுகிற மனுஷனுக்கானது இல்லை. குகேஷ் ஆடிக்கொண்டே இருந்தார். இதைத் துணிச்சல் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குத் தோற்கிற பயமே இல்லாத நிலை அது. துணிச்சல் வேண்டுமானால் 6ஆவது ஆட்டத்தில் பாருங்கள், அதுவும் கொஞ்சம் வீண் துணிச்சல். 55ஆவது நகர்த்தலில் டிங் ரூக்கைத் தப்பான கட்டத்தில் வைத்தார். ரூக்குகள் வெட்டுப்பட்டன, பிஷப்புகள் வெட்டுப்பட்டன, மிச்சம் ராஜாவும் சிப்பாயும். முடிந்தது. 7½-6½. 18 வயசு.

இதையெல்லாம் போன வாரம் அக்கா மகனிடம் உட்கார்ந்து சொன்னேன். இளக்காரத் திருகு வரைக்கும் கண்ணை விரித்துக் கேட்டான். நெஞ்சுவலிக் கதையை அவனிடம் சொல்லவில்லை. பிறகு போனை வாங்கிக்கொண்டு அந்த 'பயந்தாங்கொள்ளி' பாட்டோடு ஆட உட்கார்ந்தான். ரெண்டு பக்கமும் ரூக், சமமான சிப்பாய்கள். பாட் டிரா கேட்டது.

"குடுத்துடுவேனா மாமா?" என்று மறுத்துவிட்டு ஆடினான். 20 நகர்த்தலில் தோற்றான்.

"என்னடா ஆச்சு?"

"பயந்தாங்கொள்ளினு நெனச்சேன் மாமா" என்றான். இன்னொரு ஆட்டம் ஆரம்பித்துவிட்டான். எனக்கு எட்டரை பஸ், நைட் டூட்டி. போன் அவனிடம்தான் இருக்கிறது.